சகாதேவனின் ஆள்காட்டி விரல்

சகாதேவனைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். கார்த்திகை தீபத்தன்று கோபுர வாசலில் கூட்டம் நெரிந்தபோது, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு அசையாமல் நின்று, குழந்தைகளைத் தலைக்கு மேலே கைமாற்றி வெளியே அனுப்பியவன் அவன். சாராயம் காய்ச்சுகிறவர்களைப் பிடிக்கப் போனால், அரிவாளோடு நிற்கிறவனிடம் முதலில் பேசப் போகிறவனும் அவன்தான். நான், வேணு, அவனோடு ஒரே ஸ்டேஷனில் கான்ஸ்டபிளாக இருந்தவன். போலீஸ் குடியிருப்பில் அடுத்த வீட்டுக்காரன். ஆகவே யாரோ சொல்லக் கேட்டு இதை எழுதவில்லை.

ஆனால் அந்த வீரனுக்கு வருஷத்தில் ஒரு நாள் மட்டும் கைகால் உதறும். அது துப்பாக்கி சுடும் பரீட்சை நாள்.

வெளியாட்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. போலீஸ்காரன் என்றால் தினமும் துப்பாக்கியோடு புழங்குகிறவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எழுபதுகளில் எங்கள் கையில் இருந்தது லத்தி, தலையில் தொப்பி, இடுப்பில் கஞ்சி போட்டு விறைத்த அரைக்கால் சட்டை. ரைஃபிள்கள் பூட்டிய அறையில் சங்கிலியில் கோத்துக் கிடக்கும். வருஷம் முழுக்கப் பக்தர்களை வரிசையில் நிறுத்தியும் மாட்டு வண்டியை ஓரம் கட்டச் சொல்லியும் காலம் தள்ளுகிறவனை, ஒரு நாள் காலையில் ஊருக்கு வெளியே கரட்டடியில் குப்புறப் படுக்க வைத்து, கனத்த ரைஃபிளைக் கையில் கொடுத்து, தூரத்துப் பலகையில் இருக்கும் கறுப்பு வட்டத்தில் சுடு என்றால் அவன் என்ன செய்வான்? எனக்கு இன்னும் விளங்காத அரசாங்க ரகசியங்களில் இது ஒன்று.

சுடச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் அந்தக் காலத்தில் பிரம்போடுதான் வருவார்கள். படுத்திருப்பவன் தாமதித்தால் பூட்ஸ் குதிகாலில் ஒரு அடி விழும். குறி தப்பினால் இரண்டாவது அடி, அதோடு அம்மா அப்பாவைச் சேர்த்து ஒரு வசவு. சகாதேவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கற்றுக்கொண்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். பிரம்பு இறங்குவதற்குள் சுட்டுத் தொலைத்துவிட வேண்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை இழுப்பான். பல தடவை, ‘ஃபயர்’ என்ற கட்டளை வருவதற்கு முன்பே அவன் குண்டு போய்விட்டிருக்கும்.

எங்கள் ஸ்டேஷனில் இன்னொரு வழக்கம் இருந்தது. யார் கண்டுபிடித்த புண்ணியமோ தெரியாது. பரீட்சையில் கடைசியாக வருகிறவன் அந்தக் குறிப்பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு, தேரடி வழியாக ஸ்டேஷன் வரை நடந்து வர வேண்டும். சகாதேவன் அடுத்தடுத்து இரண்டு வருஷம் தூக்கினான். கடைவீதியில் எல்லோருக்கும் அவனைத் தெரியும். பூக்கடை ஜோதியம்மாள் மட்டும் அவன் வருகிற நேரம் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு பூ கட்டுவாள். மற்றவர்கள் கடையை விட்டு இறங்கி வந்து பார்த்தார்கள்.

எழுபத்தேழாம் வருஷம் மூன்றாவது தடவை. இதிலும் தவறினால் ஏட்டு பதவி உயர்வு கிடையாது, வேலூர் ஆயுதப்படை மைதானத்தில் புதுப் பையன்களோடு மறுபடி பயிற்சி என்று சொல்லிவிட்டார்கள். சகாதேவனுக்கு அப்போது நாற்பதைத் தொடும் வயது.

இந்த மாதிரி நேரத்தில் திருவண்ணாமலையில் இருக்கிறவன் வேறு என்ன செய்வான்? மலையைச் சுற்றுவான். முன்னொரு காலத்தில் ஒரு ஏட்டு, பரீட்சைக்கு முந்தின நாள் வெறுங்காலோடு மலையைச் சுற்றிவிட்டு, விரதமிருந்து சுட்டு, முதலாவதாக வந்தாராம். அன்று பிடித்தது வினை. பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் ஸ்டேஷனே திரண்டு கிரிவலம் போகும். அடி அண்ணாமலை தாண்டும்போதே பாதிப் பேருக்குக் கால் கொப்புளித்துவிடும். விடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளித்து, பட்டை பட்டையாக விபூதி பூசி, காபி கூடக் குடிக்காமல் சுடுகிற ரேஞ்சுக்குப் போவார்கள். தூக்கமில்லை, சோறில்லை, கால் ரணம். கை நடுங்காமல் என்ன செய்யும்? குறி தப்பினால் வேண்டுதலில் ஏதோ குறை என்று அடுத்த வருஷம் ஒரு மொட்டையையும் சேர்த்துக்கொள்வார்கள். சகாதேவன் இரண்டு மொட்டை போட்டாயிற்று.

அந்த வருஷம் பயிற்சி கொடுக்க வேலூரிலிருந்து ஹவில்தார் ஜியாவுல்லா வந்தார். எங்களைவிட இளையவர். குடும்பம் தலைமுறை தலைமுறையாக எங்கள் ஊர்தான். அண்ணன் நசீருதீன் தையல் கடை வைத்திருந்தார். எங்கள் அரைக்கால் சட்டைகள் பலவும் அந்தக் கடையில்தான் தைத்தவை. ஜியாவுல்லா மெலிந்த ஆள், உரக்கப் பேச மாட்டார். கையில் பிரம்பு இல்லாததைப் பார்த்ததும் எங்கள் ராமகிருஷ்ணன், “இவர் இன்னா ட்ரெய்னிங் குடுக்கப் போறாரு? மந்திரிச்சுத் தாயத்து கட்டுவாரு போல” என்றான். ராமகிருஷ்ணன் எங்கள் ஸ்டேஷனில் ரொம்ப நன்றாகச் சுடுகிறவன். அதனால் அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்பாக ஒரு வெள்ளோட்டம் வைத்தார் ஜியாவுல்லா. வெள்ளோட்டம்தானே என்று சும்மா இருந்தார்களா? அதற்கும் மலை சுற்றிவிட்டுத்தான் வந்தார்கள்.

ரைஃபிளில் தோட்டாவை அவரே தன் கையால் போட்டு மூடிக் கொடுத்தார். எங்களுக்குச் சொல்லாமல் இடையிடையே டம்மி ரவுண்டும் போட்டார். டம்மி என்றால் மருந்தில்லாத வெற்றுத் தோட்டா. விசையை இழுத்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம்தான் வரும். சகாதேவன் முறை வந்தது. படுத்தான். கண்ணை மூடினான். இழுத்தான். ‘டிக்.’ குண்டு வெடிக்காத அந்தத் துப்பாக்கி அவன் கையில் துள்ளி, முனை மண்ணில் போய்க் குத்தியது. தோள் எகிறிக் காதோடு மோதியது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

ஜியாவுல்லா திரும்பிப் பார்த்தார். “எல்லாரும் போய் அந்த வேப்ப மரத்தடில குந்துங்க” என்றார். என்னை மட்டும் தண்ணீர்ப் பானையோடு இருக்கச் சொன்னார். பிறகு சகாதேவன் பக்கத்தில், அதே மண்ணில், அவரும் குப்புறப் படுத்தார்.

“அண்ணே, இப்ப வெடிச்சுதா?”

“இல்ல பாய்.”

“அப்புறம் எதுக்குத் தோள் குதிச்சுது?”

சகாதேவன் தோளைத் தடவிக்கொண்டான்.

“அது கூடப் பரவால்லண்ணே. நான் ஃபயர்னு இன்னும் சொல்லவே இல்லையே.”

“சொல்லப் போறீங்கன்னு தெரிஞ்சுது பாய். அதுக்குள்ள கை போயிடுச்சு.”

“மார்க்கு கம்மியா வந்தா வரட்டும். அதை ஜாஸ்தி பண்ணிக்கலாம். ஆனா சொல்றதுக்கு முன்னாடி சுடற கையோட நாளைக்கு ஜனங்க முன்னாடி போய் நின்னா இன்னா ஆவும், யோசிச்சுப் பாருங்க.”

அவர் அதட்டலாகச் சொல்லவில்லை. சகாதேவனுக்கோ முகம் செத்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். கொப்புளம் உடைந்து காலுறை பாதத்தோடு ஒட்டிக் கிடந்தது. ஜியாவுல்லா அந்தக் காலைப் பார்த்தார். “காலைல இன்னா சாப்டீங்க?” என்று கேட்டார். நான்தான் கிரிவலக் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் குழாயடியில் சகாதேவன் என்னிடம் சொன்னான். “வேணு, ஃபெயில் ஆனா பலகையைத் தூக்கினு போயிடலாம்டா. பழக்கம்தான். ஆனா எவனாவது எதிர்ல நிக்கும்போது நான் இந்த மாதிரி சுட்டுட்டேன்னு வையி, அவன் வூட்டுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்? வேலையை வுட்டுட்டு ஊர்ல போயி ஏர் ஓட்டலாமான்னு இருக்குது.” அதுவரை அவனுக்கு இருந்தது மானம் போகுமே என்ற பயம். இது அதைவிடப் பெரிய பயம்.

இரண்டு நாள் கழித்து ஜியாவுல்லா குடியிருப்புக்கு வந்தார். சகாதேவன் பாரா டூட்டியில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். சகாதேவன் மனைவி சரோஜா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். நானும் டீக்காக அங்கே இருந்தேன்.

“அக்கா, சாமி விஷயத்துல நான் வாயே தெறக்கக் கூடாது. என் சங்கதியை மட்டும் சொல்றேன்” என்றார். “ரம்ஜான் மாசத்துல ரேஞ்ச் டூட்டி வந்தா, நான் நோன்பு வுட மாட்டேன். ஆனா அந்த மாசம் பூரா துப்பாக்கியையும் தொட மாட்டேன். மார்க்கு குறிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிப்பேன். வெறும் வயித்துக்குக் கை நிக்காதுக்கா. அண்ணனுக்கும் கை நிக்கல.”

சரோஜா புடைப்பதை நிறுத்தினாள். அவளுக்கு எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டியதில்லை. “நானும் வருஷா வருஷம் கேக்கறேன் தம்பி. நேர்த்திக்கடன்னா காரியம் முடிஞ்ச பிறகுதான செலுத்துவாங்க? எதிர் வூட்டு எல்லம்மா நெய் தீபம் போடுறதா வேண்டிக்கினா, கொழந்தை பொறந்த பிறகுதான் போட்டா. இவங்க மட்டும்தான் முன்னாடியே கட்டறாங்க. சாமிக்கே வேடிக்கையா இருக்கும்” என்றாள்.

“அதை நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா நல்லா இருக்காது.”

அவள் சொன்னாள். சாதாரணமாகச் சொல்லவில்லை. அந்த வாரமே குழாயடியில் எல்லாப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு தீர்ப்பே எழுதிவிட்டாள். பரீட்சைக்கு முந்தின நாள் ஆம்பளைகள் யாரும் மலை சுற்றக் கூடாது. நேரத்தோடு சாப்பிட்டுத் தூங்க வேண்டும். பரீட்சையன்று காலை பெண்கள் சுற்றுவார்கள். “நீங்க சுத்தினா இன்னா, நான் சுத்தினா இன்னா? ஒரே வூட்டு வேண்டுதல்தான?” என்று சகாதேவனைக் கேட்டாள். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பிவிட்டான். எங்கள் வீட்டிலும் அதே கேள்வி வந்தது. நானும் தொப்பியைத் தேடினேன்.

பிறகு நடந்த பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாரத்தில் இரண்டு நாள், ஸ்டேஷன் பின்பக்கம், தோட்டாவே இல்லாமல் படுத்துப் பழகினோம். துப்பாக்கி முனையில் ஒரு பத்துப் பைசாவை வைப்பார் ஜியாவுல்லா. அது விழாமல் விசையை இழுக்க வேண்டும். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, மெதுவாக அழுத்தச் சொல்வார். கட்டளை வருகிற வரைக்கும் ஆள்காட்டி விரல் விசைக்கு வெளியே, ரைஃபிள் கட்டையோடு ஒட்டி நீண்டிருக்க வேண்டும். எத்தனையோ தடவை, தோட்டா போடச் சொல்கிற ‘லோடு’ கட்டளையைக் கொடுத்து, குறி பார்க்க வைத்து, எங்களைக் காக்க வைத்து, கடைசியில் சுடச் சொல்லாமலே எழுந்திருக்கச் சொல்லிவிடுவார். ராமகிருஷ்ணனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. “சுடறதுக்குச் சொல்லிக் குடுக்க வந்தாரா, சுடாம இருக்கறதுக்கா?” என்றான். “ரெண்டுக்கும்தான்” என்றார் ஜியாவுல்லா.

எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. ஒரு நாள் சகாதேவன் மறுபடி முந்திக்கொண்டான். ஜியாவுல்லாவே பொறுமை இழந்து கத்திவிட்டார். அவ்வளவுதான், அந்த வாரம் முழுவதும் சகாதேவன் கை பழையபடி ஆடியது. அடுத்த முறை வந்தபோது, “அன்னிக்கு நான் கத்தினது தப்புண்ணே. கொஞ்சம் கொஞ்சமா வந்த பழக்கம் எல்லாம் போயிடுச்சு” என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். ஒரு ஹவில்தார் கான்ஸ்டபிளிடம் இப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. இன்ஸ்பெக்டரிடமும் பேசி, மார்க்கை இனிமேல் உரக்கப் படிக்க வேண்டாம், பலகை ஜீப்பிலேயே வரட்டும் என்று சம்மதிக்க வைத்தார். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். அந்தப் பலகை ஊர்வலம் அவருக்கும் பிடிக்காமல்தான் இருந்தது. ஆனால் வழக்கம் என்று ஒன்று இருந்தால் அதை முதலில் நிறுத்துகிற ஆளாக யாருக்கும் இருக்கப் பிடிக்காது.

பரீட்சையன்று விடியுமுன்பே பெண்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். அடுப்பு மேல் உப்புமா மூடி வைத்திருந்தது. நாங்கள் வயிறாரத் தின்றுவிட்டு, ஆறாத கால் எதுவும் இல்லாமல், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி ரேஞ்சுக்குப் போனோம்.

சகாதேவன் படுத்தான். முதல் குண்டு பலகையின் ஓரத்தில் பட்டது. இரண்டாவதுக்கு முன் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். பழைய நாளாக இருந்தால் குதிகாலில் நாலு அடி விழுந்திருக்கும். அதற்குப் பிறகு கறுப்பைச் சுற்றியே விழுந்தன. ராமகிருஷ்ணன் அளவுக்கெல்லாம் இல்லை, நடுத்தரமாகத் தேறினான். என் மார்க்கும் அவன் மார்க்கும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் கட்டளைக்கு முன்னால் ஒரு குண்டு கூடப் போகவில்லை. எழுந்து நின்றபோது அவன் அழுதுகொண்டிருந்தான். புழுதி கண்ணில் விழுந்துவிட்டது என்றான். சரி, புழுதியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் அவன் ஏட்டானான். ஜியாவுல்லாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். வருஷா வருஷம் பரீட்சை வந்தது, சகாதேவன் தேறிக்கொண்டே இருந்தான். ஆனால் பலகையைச் சுடுவது வேறு என்று அவனுக்குத் தெரியும். “அது எதிர்ல நின்னு கத்தாது, கல்லு வுடாதுடா” என்பான். ஜனங்கள் முன்னால் கை முந்திக்கொள்ளுமோ என்ற அந்தக் கேள்வி அவன் மனதுக்குள் தீரவே இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் கீழ்பென்னாத்தூரில் ரகளை. மல்லாட்டை சீசன்; நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். மண்டி ஒன்றில் எடை குறைத்துப் போடுகிறார்கள் என்று விவசாயிகள் சாலையில் மூட்டைகளைப் போட்டு பஸ்களை மறித்துவிட்டார்கள். ஆண்களும் பெண்களுமாகப் பெருங்கூட்டம். ஒரு வேனின் கண்ணாடி நொறுங்கியது. எங்களை ரைஃபிளோடு வரிசையாக நிறுத்தினார்கள். நடுவில் சகாதேவன் ஏட்டு, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ராமகிருஷ்ணன். தாசில்தார் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. ‘லோடு’ என்று கட்டளை வந்தது. போட்டோம்.

கூட்டம் நெருங்கியது. முகங்களெல்லாம் தெரிகிற தூரம். ஒரு கல் வந்து சகாதேவன் புருவத்தில் பட்டது. தொப்பி விழுந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. இந்த மாதிரி நேரத்தில் வரிசையில் ஒரு துப்பாக்கி வெடித்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வெடிக்கும். ராமகிருஷ்ணன் பக்கம் பார்த்தேன். ஸ்டேஷனிலேயே நன்றாகச் சுடுகிற அவன் விரல் விசைக்குள் போயிருந்தது. நான் சகாதேவன் கையைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவன் விரல் கட்டையோடு நீண்டு அப்படியே ஒட்டியிருந்தது. கண்ணைத் துடைக்கக் கூடக் கையை எடுக்கவில்லை. முன்னால் பார்த்தபடியே, சன்னமாகப் பேசினான்.

“இன்னும் சொல்லல. வெரலை வெளிய வைங்கடா. ராமகிருஷ்ணா, வெளிய வை. மூச்சை வுடு. இன்னும் சொல்லல.”

ராமகிருஷ்ணன் விரலை வெளியே எடுத்தான். சகாதேவன் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் தாசில்தார், எல்லா மூட்டையையும் தன் கண் முன்னால் மறுபடி எடை போடலாம் என்று சொன்னது எப்படியோ முன்வரிசையில் இருந்தவர்கள் காதில் விழுந்தது. கூட்டம் மண்டிப் பக்கம் திரும்பியது. தோட்டாக்களை எடுத்துப் பைக்குள் போட்டோம். சகாதேவனுக்குத் தையல் போட்டார்கள். மறுநாள் பேப்பரில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எதுவும் நடக்கவில்லையே, எதைப் போடுவார்கள்?

சில நாள் கழித்து நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி ஸ்டேஷனுக்கு வந்தாள். பெயர் வெள்ளையம்மாள், கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமம். கையில் ஒரு பை மல்லாட்டை. சகாதேவன் நெற்றிக் கட்டைப் பார்த்ததுமே பையை மேஜை மேல் வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“ஐயா, அந்தக் கல்லு நான்தான் வுட்டேன். வேனு மேல வுட்டேன், உங்க மேல பட்டுடுச்சு. இன்னா கேஸ் வேணா போடுங்க.”

“வுடும்மா. காயம் ஆறிடுச்சு. குந்து.”

அவள் உட்காரவில்லை. “துப்பாக்கி நேரா என்னைத்தான் பாத்துச்சு. ரத்தம் ஊத்தறப்போ நீங்க என்னையே பாத்தீங்க. கொழந்தைங்க மூஞ்சிதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. சுட்டுடப் போறீங்கன்னு பயந்து செத்துட்டேன்யா.”

சகாதேவன் இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்து, “நானும் அதுக்குத்தாம்மா பயந்தேன்” என்றான்.